உயிரியல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது, முதல் வருடத்தை எப்படிப் படிப்பது?

ஒட்டுசுட்டான்_பிள்ளை
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. எதிர்பார்த்தது மருத்துவம், பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதவில்லை. உயர்தரப் பரீட்சையை மூன்றாம் தரமும் எடுத்துப் பார் என்று வீட்டில் ஒரு பக்கம், கிடைத்ததைப் படி என்று மாமா ஒரு பக்கம். நான் போவதென்று முடிவெடுத்துவிட்டேன், அதனால் அந்த விவாதம் இங்கே வேண்டாம்.

உயர்தரம் முழுக்கத் தமிழில் படித்தவள் நான். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் மூன்றும் எடுக்கப் போகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இந்தத் துறைக்குப் போன ஒருவரையும் எனக்குத் தெரியாது, கேட்க ஆளில்லை. முதல் வருடத்தில் எதில் கவனம் வைக்க வேண்டும்? மூன்று வருடத்தோடு முடிப்பதா, நான்காவது வருடமும் செய்வதா? படித்து முடித்து வன்னிக்குத் திரும்பினால் இந்தப் படிப்புக்கு இங்கே என்ன வேலை?

பாலையடி
வாழ்த்துகள் தங்கச்சி. நான் இதே படிப்பைப் படித்து, இப்போது பட்டமேற்படிப்புச் செய்துகொண்டிருப்பவன், ஊர் மாங்குளம் பக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் புள்ளிக் கணக்கு. முதல் வருடம் கம்பஸைப் பழகத்தானே என்று சீனியர்மார் சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். பல பீடங்களில் முதல் செமஸ்டர் பாடங்களும் கடைசி ஜீபிஏயில், அதாவது மொத்தச் சராசரிப் புள்ளியில், சேரும். முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.30, கீழ்நிலைக்கு 3.00 வேண்டும். முதல் வருடத்தில் 2.5இல் நின்றுவிட்டு மூன்றாம் வருடத்தில் ஏறுவதென்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு கஷ்டம் என்று விளங்கும். நான்காவது வருடத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்வதும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடப் பெறுபேற்றை வைத்துத்தான். பீடத்தின் கையேடு கிடைத்த அன்றே அந்தப் பக்கத்தைத் தேடி வாசியுங்கள், ஆட்கள் வாயால் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்தது செய்முறை வகுப்பு. எங்கள் பக்கப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள்தான் இருந்தது, பிள்ளைகள் படத்தில் பார்த்துத்தான் பரீட்சை எழுதினார்கள். அதனால் வன்னியிலிருந்து போகிற பிள்ளைகள் செய்முறை வகுப்பில் பின்னுக்கு நின்று பக்கத்திலிருப்பவரின் படத்தைப் பார்த்து வரைவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அப்படி நிற்காதீர்கள், முன்னுக்குப் போய்க் கையை வையுங்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கி, பொருளைக் கண்டுபிடித்து நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் 40 மடங்கு பொருள்வில்லைக்கு மாற்ற வேண்டும். 40இல் வைத்துக்கொண்டு பெரிய திருகைத் திருப்பினால் கண்ணாடித்துண்டு உடையும், வில்லையும் கீறுப்படும். படம் வரையும்போது கூரான பென்சிலால் ஒரே கோடாக வரையுங்கள், நிழல் போடக் கூடாது. பெயர்க்கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. படத்துக்குக் கீழே எல்லாரும் ×400 என்று எழுதுவார்கள். 10 கண்வில்லையும் 40 பொருள்வில்லையும் பெருக்கினால் வருகிற அந்த 400 நீங்கள் பார்த்த உருவத்தின் உருப்பெருக்கம். வரைந்த படத்தின் உருப்பெருக்கத்துக்கு, தாளில் படத்தின் நீளத்தை அளந்து உண்மையான நீளத்தால் பிரிக்க வேண்டும். ஒரு கலம் 0.05 மில்லிமீற்றர், உங்கள் படத்தில் அது 60 மில்லிமீற்றர் என்றால் விடை 1200. இதைச் சரியாகச் செய்கிற பிள்ளையை விரிவுரையாளர் முதல் மாதத்திலேயே கவனிப்பார்.

அறிவியல்நகர்_விவசாயி
பாலையடி அண்ணா சொன்னதோடு இரசாயனவியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கிளிநொச்சியில் விவசாய பீடம், எங்களுக்கும் அதே பிரச்சினைதான். உயிரியல் பிள்ளைகள் இரசாயனவியலைப் பாஸ் பண்ணினால் போதுமென்று விட்டுவிடுகிறார்கள், பிறகு உயிர் இரசாயனவியல் வரும்போது தலை சுற்றுகிறது. நொதியம் எப்படி வேலை செய்கிறது, மென்சவ்வை எது கடக்கும் எது கடக்காது, டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் ஏன் ஒட்டி நிற்கின்றன என்பதெல்லாம் பிணைப்பும் ஏற்றமும் விளங்கினால்தான் விளங்கும்.

கரைசல் கணக்கு கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். 5 மோலர் உப்புக் கரைசல் இருக்கிறது, 0.1 மோலரில் 250 மில்லிலீற்றர் வேண்டும். 0.1ஐ 250ஆல் பெருக்கி 5ஆல் பிரித்தால் 5 மில்லிலீற்றர். அதை எடுத்து, நீர் விட்டு மொத்தம் 250க்குக் கொண்டுவர வேண்டும். 250 மில்லிலீற்றர் நீரை அளந்துவிட்டு அதற்குள் 5ஐ ஊற்றினால் செறிவு பிழைக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் ஆய்வுகூடத்தில் ஒரு கிழமை வேலையை வீணாக்குவது பெரும்பாலும் இப்படிச் சின்னப் பிழைதான்.

நெடுங்கேணி_ஆசிரியை
பிள்ளை, நான் விஞ்ஞானப் பட்டதாரி ஆசிரியை, வவுனியா வடக்கில் படிப்பிக்கிறேன். மூன்று வருடமா நான்கு வருடமா என்று கேட்டதற்கு நான் பச்சையாகவே சொல்கிறேன். வீட்டில் உழைக்க ஒருவர்தான், பின்னால் தம்பி தங்கச்சி இருக்கிறார்கள் என்றால் மூன்று வருடத்தில் நல்ல வகுப்போடு முடித்துவிட்டு வாருங்கள். மூன்று வருடப் பட்டமும் முழுப் பட்டம்தான், இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டம். நான்கு வருட ஹொனர்ஸ் 6ஆம் மட்டம். ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பிக்க மூன்று வருடம் போதும், பேராதனையில் இருக்கிற பட்டப்பின் விஞ்ஞான நிறுவனத்தில் பிறகு வார இறுதியில் எம்எஸ்சி படிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கு உயர்தர உயிரியல் படிப்பிக்க ஆள் வேண்டும். மாணவர்கள் ரியூசனுக்கு வவுனியா ரவுனுக்கு பஸ் ஏறிப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஊரில் ஒரு நல்ல உயிரியல் ஆசிரியை இருந்தால் அடுத்த தலைமுறைக்கு இந்த அலைச்சல் இருக்காது. அதைச் சின்ன வேலையாக யாரும் நினைக்க வேண்டாம்.

பாலையடி
அக்கா, உங்கள் வேலை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இடம் கிடைத்தால் நான்காவது வருடத்தை விடக் கூடாது. காரணம் ஆய்வு. சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து, மாதிரி சேகரித்து, பிழைத்து, திரும்பச் செய்து, எழுதி முடிக்கிற பயிற்சி ஹொனர்ஸில்தான் முழுதாகக் கிடைக்கும். வெளிநாட்டில் பட்டமேற்படிப்புக்குப் போகிறதென்றாலும், குறிப்பாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், பல இடங்களில் நான்கு வருடப் பட்டத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். அங்கே உயிரியல் பிஎச்டிக்குப் பெரும்பாலும் கல்விக்கட்டணமும் மாதக் கொடுப்பனவும் தருவார்கள் என்பது எங்கள் பெற்றோர் பலருக்குத் தெரியாது, காணி விற்றுத்தான் அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

நெடுங்கேணி_ஆசிரியை
தம்பி, காணி விற்கத் தேவையில்லை என்பது சரி. அந்த ஒரு வருடத்துக்கு யார் வீட்டுக்குச் சாமான் வாங்குவது என்பதுதான் என் கேள்வி. போரில் தகப்பனை இழந்த குடும்பங்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடம் சும்மா ஒரு வருடமில்லை. பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைக்கிற மகாபொல உதவுதொகையில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். முடியுமானவர்கள் நான்கு வருடம் செய்யட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. முடியாத பிள்ளையிடம் விடக் கூடாது என்று சொன்னால் அது தன்னைக் குறைவாக நினைக்கும்.

பாலையடி
நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா. "விடக் கூடாது" என்பதைத் திருத்திக்கொள்கிறேன். ஒட்டுசுட்டான் தங்கச்சி, இரண்டாம் வருட முடிவு வரை கதவைத் திறந்து வையுங்கள், புள்ளி இருந்தால்தான் தெரிவு உங்கள் கையில் இருக்கும். வீட்டு நிலைமையை அப்போது பார்த்து முடிவெடுக்கலாம்.

மன்னார்க்_காற்று
இந்தப் படிப்புக்கு வன்னியில் என்ன வேலை என்று கேட்டதற்கு நான் ஒன்று சொல்கிறேன். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பின் குடம்பிகள், அதாவது நீரில் வாழும் புழுப்பருவம், அகப்பட்டன. இந்தியாவில் நகர்ப்புற மலேரியாவைப் பரப்புகிற இனம் அது, இலங்கையில் அதற்கு முன் பதிவில்லை. அதைப் பிடித்தது கிணறு கிணறாகப் போய் வாளியால் அள்ளி, குடம்பியைப் பிரித்துப் பார்த்த ஆட்கள். அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு படுத்த மாதிரி மிதக்கும், கியூலெக்ஸ் நுளம்பின் குடம்பி சுவாசக் குழாயை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். இந்தளவு வித்தியாசம் முதல் வருட விலங்கியலிலேயே வரும். அதற்கு மேல் இனம் பிரிப்பதற்குத்தான் படித்த கண் வேண்டும், அந்தக் கண் உள்ள ஆட்கள் எங்கள் மாவட்டங்களில் குறைவு.

அதேபோல, பூநகரிக் கரையில் கடலட்டைப் பண்ணைகள் பெருகிவிட்டன. அடியில் இருக்கிற கடற்புற்களுக்கு என்ன ஆகிறது என்று மீனவர் ஒரு கதை சொல்கிறார், பண்ணைக்காரர் இன்னொரு கதை சொல்கிறார். அளந்து சொல்ல ஆள் வேண்டும். வங்காலைச் சரணாலயம் 2010இலிருந்து ராம்சார் இடம், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம், மாரிக்கு வருகிற பறவைகளை வருடாவருடம் எண்ண ஆள் வேண்டும். வேலை விளம்பரம் வருகிறதா இல்லையா என்பது வேறு, செய்ய வேண்டிய வேலை ஊர் முழுக்கக் கிடக்கிறது.

புதுக்குடியிருப்பு_தகப்பன்
இடையில் வருவதற்கு மன்னிக்க வேணும் பிள்ளையள். என்ர மகளும் இதே படிப்புத்தான், இரண்டாம் வருடம். பட்டம் முடித்தால் ஆஸ்பத்திரி லாப்பில் எடுப்பார்கள் என்று ஊரில் ஒருவர் சொன்னார். உண்மையா?

நெடுங்கேணி_ஆசிரியை
இல்லை ஐயா. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் வேலை தனித் தொழில். அதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது, இலங்கை மருத்துவச் சபையில் பதிவும் வேண்டும். உயிரியல் விஞ்ஞானப் பட்டத்தை மட்டும் வைத்து அதற்குள் போக முடியாது. இப்போதே தெரிந்துகொண்டது நல்லது, பட்டம் முடித்து வந்து அலையத் தேவையில்லை. நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடங்கள், நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை, விவசாயத் திணைக்களம், உணவுத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாடு, ஆசிரியத் தொழில் என்று மற்ற வழிகள் இருக்கின்றன. விளம்பரம் வருகிறபோது கேட்கிற தகைமையைப் பார்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான்_பிள்ளை
எல்லாருக்கும் நன்றி. இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் விரிவுரை ஓடும்போது எப்படிப் பிடிப்பது? புள்ளிவிபரவியல் கட்டாயமா? எனக்குக் கணக்கென்றால் பயம், உயிரியல் எடுத்ததே அதற்காகத்தான்.

அறிவியல்நகர்_விவசாயி
ஆங்கிலம் முதல் ஒரு செமஸ்டர் வதைக்கும், பிறகு பழகிவிடும். கலம், இழைமணி, நிறமூர்த்தம் என்று படித்தது வீண்போகாது, விஷயம் ஏற்கனவே உங்களுக்குத் தெரியும், பெயரைத்தான் புதிதாகப் பழக வேண்டும். விரிவுரைக்கு முதல் நாள் இரவு அந்தப் பாடத்தைப் பத்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த நாள் காது பிடிக்கும். விரிவுரையாளர் சொல்வதை எல்லாம் எழுதப் பார்க்க வேண்டாம், எழுதிக்கொண்டிருந்தால் கேட்க முடியாது. அன்று பின்னேரமே கொப்பியை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள், வராத இடம் எதுவோ அதை மட்டும் திறந்து படியுங்கள். நோட்ஸை நாலு தரம் வாசிப்பதைவிட இது நிற்கும்.

மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற குப்பி வகுப்புக்குப் போங்கள், ஆனால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். ஒரு தலைப்பை எடுத்து நீங்கள் பட்ச் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், சொல்லிக்கொடுக்கும்போதுதான் எது விளங்கவில்லை என்று தெரியும்.

சாட்ஜிபிடி பற்றியும் ஒரு வார்த்தை. விளங்காததைக் கேட்கப் பாவியுங்கள், செய்முறை அறிக்கையை அதைக்கொண்டு எழுதுவிக்க வேண்டாம். இல்லாத கட்டுரைகளை இருக்கிற மாதிரி அது எழுதிவிடும், விரிவுரையாளர் தேடிப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட, எழுதப் பழகுகிற வாய்ப்பு போய்விடும்.

பாலையடி
புள்ளிவிபரவியலுக்குப் பயப்பட வேண்டாம் தங்கச்சி. பட்டம் முடித்தவர்களைப் பிரித்துக் காட்டுவது இதுதான், மனனம் செய்கிற ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள். சூத்திரத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நீங்கள் பழக வேண்டியது எதை எத்தனை தரம் அளந்தால் ஒரு முடிவைச் சொல்லலாம் என்பது.

நெல்லில் கபில நிறத் தத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், சிறுபோகத்திலும் காலபோகத்திலும் எங்கள் ஆட்களை அழவைக்கிற பூச்சி. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தால் தத்தி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே ஒரு வயலுக்கு அடிக்கிறோம், பக்கத்து வயலுக்கு அடிக்கவில்லை. ஒவ்வொரு வயலிலும் முப்பது தூரை விரித்து, அடித்தண்டில் இருக்கிற தத்தியை எண்ணுகிறோம். அடித்த வயலில் பாதிதான் இருக்கிறது. முப்பதும் முப்பதும் அறுபது அளவீடு, போதும்தானே என்று தோன்றும். போதாது. அடித்தது ஒரு வயல், அடிக்காதது ஒரு வயல், உண்மையில் ஒப்பிட ஒன்றுக்கொன்றுதான் இருக்கிறது. அடிக்காத வயலில் தண்ணீர் கூடுதல் நாள் நின்றிருக்கலாம், விதையினம் வேறாக இருக்கலாம், யூரியா கூடுதலாகப் போட்டிருக்கலாம், நெருக்கமாக விதைத்திருக்கலாம். தத்தி குறைந்தது வேம்பாலா வேறொன்றாலா என்று அந்த அறுபது எண்ணும் சொல்லாது. ஐந்தாறு வயலுக்கு அடித்து, ஐந்தாறு வயலை விட்டு, எதற்கு அடிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தெரிவு செய்து, ஒரு வயலின் முப்பது தூருக்கும் ஒரு சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளை ஒப்பிட வேண்டும். இந்தப் பிழையைப் பற்றி 1984இல் ஸ்டுவர்ட் ஹேர்ல்பேர்ட் என்ற சூழலியலாளர் எழுதினார், வெளிவந்த ஆய்வுகளிலேயே அது நிறைய இருக்கிறதென்று காட்டினார். இன்றும் மாணவர் ஆய்வறிக்கைகளில் இதே பிழையைக் காண்கிறேன், காண மனம் நோகும், ஏனென்றால் வெயிலில் நின்று எண்ணியது பிள்ளைதான். எண்ணப் போவதற்கு முன் ஒரு அரை நாள் இருந்து யோசித்திருந்தால் அந்த வேர்வைக்குப் பலன் இருந்திருக்கும்.

ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம், முதல் வருடத்திலேயே தொடங்குங்கள்.

பம்பைமடு_சூழல்
நான் வவுனியாப் பல்கலைக்கழகம், சுற்றாடல் விஞ்ஞானம். வெளிக்கள வேலை பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். வன்னியில் காட்டுக்குள் இறங்குவதென்றால் முதலில் அனுமதி. தேசிய பூங்காவோ சரணாலயமோ என்றால் வனஜீவராசிகள் திணைக்களம், ஒதுக்குக் காடென்றால் வனவளத் திணைக்களம். கடிதம் கொடுத்து அனுமதி வரக் காலம் எடுக்கும், ஆய்வு தொடங்குவதற்கு நன்றாக முன்பே மேற்பார்வையாளரோடு கதைத்து எழுதிவிட வேண்டும். சும்மா ஒரு செடியைப் பிடுங்கி அழுத்தி வைத்தாலும் எங்கிருந்து, யார் அனுமதியோடு என்று எழுதி வையுங்கள்.

மிதிவெடி இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகையைத் தாண்டி ஓர் அடி வைக்கக் கூடாது, பலகை இல்லாத இடத்திலும் அந்த ஊர்க்காரர் நடக்கிற பாதையை விட்டு இறங்க வேண்டாம். முகமாலைப் பக்கம் வெடியகற்றும் வேலை எத்தனை வருடமாக நடக்கிறதென்று உங்களுக்கே தெரியும். அப்புறம் யானை, புடையன் பாம்பு. முழங்கால் வரை சப்பாத்து, ரோச், கூட ஒருவர். பொம்பிளைப் பிள்ளைகளை வெளிக்களத்துக்கு விடமாட்டோம் என்று வீட்டில் சொன்னால் விரிவுரையாளரைக் கொண்டு வீட்டாரோடு கதைக்க வையுங்கள், எங்கள் பட்சில் அப்படித்தான் பலர் வந்தார்கள்.

இன்னொன்று, ஊர்ச் சனத்திடம் கேளுங்கள். பாலை மரம் எந்த மாதம் பழுக்கிறது, வீரைப் பழத்தை எந்தப் பறவை தின்னுகிறது, குளத்தில் எந்த மீன் இப்போது வருவதில்லை என்று தேன் எடுக்கிறவரும் நன்னீர் மீன்பிடிகாரரும் சொல்வதில் பாதி எந்தக் கட்டுரையிலும் இல்லை. அவர்கள் சொன்னதை எழுதும்போது அவர்கள் சொன்னதென்றே எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான்_பிள்ளை
கபில நிறத் தத்தி உதாரணம் நன்றாக விளங்கியது, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், போன போகம் எங்கள் வயலிலேயே அடித்தது. கம்பஸ் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை வீட்டிலிருந்து என்ன செய்யலாம்? என்னிடம் லாப்டொப் இல்லை, போன்தான். ஆர் போனில் ஓடுமா?

பாலையடி
போனில் நேரடியாகப் போட்டு ஓட்டுவது சிரமம். கூகுள் கொலாப் இணையத்தில் ஓடும், அதில் மொழியை ஆருக்கு மாற்றிக்கொள்ளலாம், போனிலும் திறக்கும், எழுத்துச் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். தெரியாவிட்டால் குழப்பமில்லை, கம்பஸ் கணினி அறையில் தொடங்கலாம்.

வீட்டிலிருந்து செய்ய ஒன்று சொல்கிறேன். அப்பாவின் வயலில் ஒரே வரப்பில், ஒரே நேரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் பத்துத் தூரை விரித்துப் பாருங்கள். தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை, தண்ணீர் நிற்கிறதா, மழை பெய்ததா. திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள், பென்சிலால் எழுதுங்கள், மை நனைந்தால் கரையும். ஒன்றும் இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள், பிறகு பார்க்கும்போது அன்று எண்ணவில்லையா, எண்ணி ஒன்றும் இருக்கவில்லையா என்று தெரியாமல் போகும். அந்தக் கொப்பியைக் கம்பஸுக்கும் கொண்டுபோங்கள், புள்ளிவிபரவியல் வகுப்பில் வரைபு கீறச் சொல்லும்போது உங்களிடம் சொந்த எண்கள் இருக்கும்.

அறிவியல்நகர்_விவசாயி
அப்பா மருந்தடித்த நாளையும் மருந்தின் பெயரையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள். அடித்த கையோடு வயலுக்குள் இறங்க வேண்டாம், போத்தல் லேபலில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் கழித்து எண்ணுங்கள். எண்ணாத நாளை எண்ணவில்லை என்றே எழுதுங்கள்.